சத்தமில்லாமல் அழுத பிள்ளை

குட்டிம்மா, உன்னை இப்படித்தான் கூப்பிடுவேன். இப்போது கூப்பிட்டால் தொட்டிலில் கிடக்கிற உன் தம்பி திரும்பிப் பார்க்கிறான். அதனால் வாய்க்குள்ளேயே கூப்பிடுகிறேன்.

உனக்கு மூன்று மாதத்தில் குரல் கரகரத்தது. சளித் தடிமன் என்று நினைத்தோம். உன் அப்பா ஒருகொடவத்தை கொண்டெய்னர் யார்டில் வேலை முடிந்து வந்து, உன் குரலைக் கேட்டுச் சிரிப்பார்.

"இவ பெரிசா வந்து பஸ் கொண்டக்டர்தான். 'கொட்டாஞ்சேன, கொட்டாஞ்சேன' எண்டு கத்திக் கத்தித் தொண்டை போனவன்ர குரல்."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டிகள் வந்தன. தோலுக்குக் கீழே புளியங்கொட்டை மாதிரி. உன் அப்பாவின் அம்மா, என் மாமி, பயப்படவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளையைக் குளிக்க வார்ப்பது சின்ன வேலை இல்லை. மாமி இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, உன்னைக் காலில் கிடத்தி, சூடாக்கிய எண்ணெயைப் பூசி, கையையும் காலையும் குறுக்கே மடக்கி நீவுவார்.

"வாயுக் கட்டியடி இது. அமத்தி விட்டாக் கரைஞ்சிடும். நீ கையப் பிடி."

பிடித்தேன். நீ வாயைப் பெரிதாகத் திறந்தாய். கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை.

"பாத்தியா, எவ்வளவு பொறுமையான பிள்ளை. உன்ர புருசன் இந்த வயசில கத்தி ரோட்டையே கூட்டியிருப்பான்."

கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்று துடைத்துவிட்டேன். ஐந்து மாதம், ஒவ்வொரு நாளும், நான்தான் உன் கையைப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா உன் முழங்காலைத் தொட்ட உடனே கையை எடுத்துவிட்டார்.

"பிள்ளைக்கு நல்லா நோகுது."

"அவ அழேல்லையே, டொக்டர்?"

"அழுறா அம்மா. தொண்டைக்குள்ளயும் இதே கட்டி இருக்கு. அதான் சத்தம் வரேல்ல."

பிடித்திருந்த உன் கையைச் சட்டென்று விட்டேன்.

என்ன நோய் என்று கண்டுபிடிக்க இன்னும் பல மாதம் போனது. உடம்பு செரமைட் என்று ஒரு கொழுப்பைச் செய்யுமாம். தோலுக்கு அது வேண்டுமாம், உடம்பின் தண்ணீர் வெளியே போகாமல் காப்பது அதுவாம். வேலை முடிந்ததும் அதை வெட்டிப்போட ஒரு என்சைம் இருக்கிறதாம். உன்னிடம் இருந்த அந்த என்சைம் வேலை செய்யவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கல்யாணத்துக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு தையல் கடையில் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததை வைத்துக் கேட்டேன்.

"நூல் வெட்டுற ஆள் வராத கடை மாதிரியா?"

"ஓம், அப்பிடியே வையுங்கோ. வெட்டுப்படாததெல்லாம் மூட்டிலயும் தொண்டையிலயும் போய்ச் சேருது."

"மருந்து?"

"நோவுக்கு மட்டுந்தான் குடுக்கலாம்." பிறகு டொக்டர் கேட்டார், "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"ஓம். மாமி மகன்."

எங்கள் இருவரிடமும் அந்த என்சைமைச் செய்வதில் பழுதான பாதி ஒன்று இருக்கிறதாம். இரண்டு பாதியும் ஒரே பிள்ளைக்குப் போனால் இந்த நோய். பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு பயம்.

இரண்டு வயதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நீ போய்விட்டாய். மாமி அந்த எண்ணெய்ப் போத்தலை எங்கேயோ ஒளித்துவைத்தார்.

உன் தம்பி நாங்கள் கேட்டு வந்தவன் இல்லை. பிறந்ததும் இரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பதில் வரக் கிழமைகள் ஆகும் என்றார்கள். அந்தக் கிழமைகளில் நான் மனுசியாக இருக்கவில்லை. ஒருநாள் வெள்ளவத்தையில் சவர்க்காரம் வாங்கப் போனேன். டொக்டர் எழுதித் தந்த அந்த இங்கிலீஷ் சொல், எழுத்துக்கு எழுத்து அப்படியே, ஒரு கிரீம் போத்தலில் இருந்தது.

"எடுங்கோ அக்கா, செரமைட் உள்ளது. பூசினா பேபி ஸ்கின் மாதிரி வரும்," என்றாள் கடைப் பிள்ளை.

சவர்க்காரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து பஸ் ஏறினேன். முன்பு நானும் இப்படி ஏதாவது பூசித்தான் உனக்கு வந்ததோ என்று நடுங்கினேன். கிரீமாலும் வராது, எண்ணெயாலும் வராது, வயிற்றிலேயே வந்தது என்று டொக்டர் பிறகு சொன்னார். எண்ணெயால் வரவில்லை, சரி. நாங்கள் நீவிக் கொடுத்த நோவு?

தம்பி அழுதால் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பேன், குரல் தெளிவாக இருக்கிறதா என்று. அழாவிட்டால் அதைவிடப் பயம். ஒருநாள் அவன் சும்மா சிரித்துக்கொண்டு கிடந்தான். நான் அவன் தொடையில் கிள்ளினேன்.

"என்னடி செய்யிற?" மாமி வாசலில் நின்றார்.

"சத்தம் வருதா எண்டு பாத்தனான், மாமி."

மாமி ஏசவில்லை. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

போன கிழமை டொக்டர் போனில் கோல் எடுத்தார். "பாதி வேலை செய்யுது, அம்மா. உங்களைப் போலதான். தம்பிக்கு அந்த நோய் வராது."

"பாதி போதுமா, டொக்டர்?"

"போதும்."

மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் போதும் என்றார்.

அடுத்த நாள் காலை மாமியிடம் தம்பியைக் கொடுத்தேன். காலை நீட்டி உட்கார்ந்தார். எண்ணெய் இல்லை, மடக்கவில்லை, நீவவில்லை. வெறும் சுடுதண்ணி. முதல் சொட்டுக்கே அவன் கத்தினான் பார், பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, பிள்ளையக் கொல்லுறீங்களா?"

மாமி சிரித்தார், அழுதார், தண்ணீரை வார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு சத்தம் இருக்கிறது. நீ அத்தனை நாளும் இதே அளவுக்குக் கத்தியிருக்கிறாய். நாங்கள் உன்னைப் பொறுமை என்று சொன்னோம்.

பாதி போதும் என்றாலும் அவன் குரல் கொஞ்சம் அடைத்தால் இன்னும் ஓடிப் போய்ப் பார்க்கிறேன்.

இதை வாசிக்கிற ஆட்களே, கோயிலோ சேர்ச்சோ பள்ளிவாசலோ, நீங்கள் போகிற இடத்தில் என் பிள்ளைக்காக ஒரு தரம் கும்பிடுங்கள். அவளுக்கு இப்போது எங்கேயும் நோகக்கூடாது என்று கேளுங்கள். அழுதால் அங்கே யாருக்காவது கேட்க வேண்டும் என்றும் கேளுங்கள்.