ஐம்பது மைல் வேகத்தில் டல்லஸுக்கு

ஊரில் டாக்டராக இருந்துவிட்டு, டிபென்டன்ட் விசாவில் கணவரோடு அமெரிக்காவுக்கு, ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டுக்கு வந்தவள் நான். இங்கே மறுபடி டாக்டராவதற்கான பரீட்சைக்கு இரண்டு வருஷம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தேன். ஹூஸ்டனில் இடம் நிரம்பிவிட்டதால் டல்லஸில் சென்டர் கிடைத்தது. பரீட்சைக்கு முந்தின வாரம் என் கணவர் புதுக் கார் வாங்கினார்.

புது எஞ்சினை முதல் ஆயிரம் மைலுக்குப் பதமாகப் பழக்க வேண்டும் என்றார். ஐம்பதைத் தாண்டக் கூடாது. ஒரே வேகத்திலும் போகக் கூடாது.

"பழைய கார்லயே போயிடலாங்க."

"எதுக்கு? டல்லஸ் போயிட்டு வந்தா ஐநூறு மைல் ஓடிடும். பிரேக்-இன் பாதி முடிஞ்சிரும்."

அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஃப்ரீவேயில் ஐம்பது, பிறகு நாற்பது, மறுபடி ஐம்பது. லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயின. மடியில் விரித்த புத்தகத்தில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. பாதி வழிக்கு முன்பே பளீரென்று விடிந்துவிட்டது.

"கொஞ்சம் வேகமா போங்களேன். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திருவாங்க."

"எஞ்சின் போச்சுன்னா? சும்மா டென்ஷன் ஆகாத."

"அப்ப நான் டிரைவ் பண்றேன், குடுங்க."

"நீயா? ஒரே மிதியா மிதிச்சிருவ."

நடுவில் கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தார். நான் காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியே குனிந்த தலைகள் தெரிந்தன. முன்மேஜையில் இருந்த பெண், "ஐ ஆம் சாரி, ஹனி" என்றாள். கெஞ்சினேன். தலையை ஆட்டினாள். அவரோ, வேறு கார்க் கதவு இடிக்காத மூலையாகப் பார்த்து நிறுத்திவிட்டு நிதானமாக வந்தார்.

"சரி விடு. அடுத்த தடவை எழுதிக்கலாம்."

திரும்பும்போது புத்தகத்தை மூடிப் பின் சீட்டில் போட்டேன். அவர், "சவுண்டே இல்ல பாரு, எவ்ளோ ஸ்மூத்தா போகுது" என்றார்.

அன்று இரவு அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். "எப்படிடி எழுதுனே?"

"கஷ்டமா இருந்துச்சும்மா" என்றேன். பக்கத்தில் நின்றிருந்தவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. மாப்பிள்ளை மரியாதைக்காக என் படிப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். அதுதான் இன்றும் கசக்கிறது.

அடுத்த தடவை வந்தபோது வயிற்றில் பிள்ளை, எந்நேரமும் வாந்தி. அதற்கடுத்து அவருக்கு நியூ ஜெர்சியில் வேலை. புத்தகங்களை, புதிதாக வந்த ஒரு டாக்டர் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கிரீன் கார்டு வந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்தபின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு கிளினிக்கின் முன்மேஜையில் உட்கார்ந்தேன். நெஞ்சைத் தடவிக்கொண்டு வருகிறவரிடமும் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, உட்காருங்கள், டாக்டர் கூப்பிடுவார் என்றுதான் சொல்ல வேண்டும்.