திரையில் கப்பல் தெரிந்தது, நாங்கள் தெரியவில்லை

பள்ளி விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை, மலேசியாவின் கெடாவில் உள்ள கரங்கானிலிருந்து, கடலோரத் தஞ்சோங் டாவாய்க்குப் போனோம். எங்கள் ஃபைபர் படகு அங்கேதான் கட்டிக் கிடக்கிறது. அதில் ஏ.ஐ.எஸ் பொருத்த வேண்டும். கப்பல்கள் தங்கள் பெயரையும் இருக்கும் இடத்தையும் ரேடியோ அலையில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் கருவி அது. விடுமுறையில் மகள் யாழினியைக் கடலுக்குக் கூட்டிப்போக என் கணவர் ரவிக்கு ஆசை. கருவி இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை ஏழரைக்குக் கிளம்பி, வழியில் சுங்கைப் பட்டாணியில் படகுச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று பெட்டிகளை வைத்தார்.

"பெரிய கப்பலுக்கு கிளாஸ் ஏ. உங்களுக்கு பி போதும் அக்கா. அதுல ரெண்டு வாட் ஒண்ணு, அஞ்சு வாட் ஒண்ணு. இது ரிசீவர். இதுக்கு நம்பர் பதிவெல்லாம் வேணாம், இன்னிக்கே மாட்டிக்கலாம்."

எனக்குத் தலை சுற்றியது. "இதுல கப்பல் தெரியுமா?" என்று ரிசீவரைக் காட்டிக் கேட்டேன்.

"எல்லாம் தெரியும் அக்கா."

"சுக்குப் லா, இது போதும்," என்றார் ரவி. எண்ணூற்றைம்பது ரிங்கிட். இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

ரிசீவரைப் படகில் மாட்டி, சோதித்துப் பார்க்கக் கடலுக்குக் கிளம்பி, மெர்போக் ஆற்று முகத்தைத் தாண்டும்போது மணி பன்னிரண்டு. யாழினியை அத்தை வீட்டில் விட்டிருந்தோம். ரிசீவரோடு இணைத்த ரவியின் போனில் குட்டி முக்கோணங்களாகக் கப்பல்கள் நகர்ந்தன. "பார்த்தியா விமலா, பேரு கூட வருது!" அவருக்கு ஒரே குஷி.

அப்போதுதான் மழை இறங்கியது. கரை மறைந்தது. திரையில் ஓர் இழுவைப் படகு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. "அவன் நம்மளைப் பார்த்துத் திருப்பிருவான்," என்றார் ரவி. அது திரும்பவில்லை. சற்று நேரத்தில் மழைக்குள் அதன் விளக்கே தெரிந்தது. அதன் பின்பக்கமாகக் குறுக்கே போய்விடலாம் என்று ரவி சுக்கானை வளைத்தார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ரேடியோவை எடுத்து, திரையில் இருந்த பெயரைச் சொல்லி மலாயில் கூப்பிட்டேன்.

"எங்கே இருக்கீங்க? என் திரையில் நீங்க இல்லையே!" என்றது மறுமுனைக் குரல். "உங்க வலது பக்கம், சின்ன வெள்ளைப் படகு. பின்னால குறுக்கே போகப் போறோம்," என்றேன். "போகாதீங்க! பின்னால சரக்கு பார்ஜை இழுத்துட்டு வர்றேன், நடுவுல கயிறு!"

ரவி இன்ஜினை அடக்கினார். இழுவைப் படகு கடந்தது. வெகுநேரம் மழை மட்டும்தான். பிறகு பெரிய இரும்புச் சுவர் போல பார்ஜ் வந்தது, சத்தமே இல்லாமல். கரையேறிய பிறகுதான் ரவி கேட்டார், "அவனை நமக்குத் தெரியுது. நம்மளை ஏன் அவனுக்குத் தெரியல?"

ரிசீவர் கேட்கும், சொல்லாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை யோசித்துக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ ஆனது.

மறுவாரம் மேற்கொண்டு பணம் கட்டி, அனுப்பவும் செய்யும் பெட்டியாக மாற்றினோம். இரண்டு வாட்டா ஐந்து வாட்டா? படகுத்துறையில் ஒருவர் இரண்டே தாராளம் என்றார், இன்னொருவர் ஐந்துதான் என்றார். எங்கள் படகு வேகமாகப் போவது, ஐந்து வாட் பெட்டி இருக்குமிடத்தை அடிக்கடி அனுப்பும். அதனால் அதை எடுத்தோம். சரியா என்று இன்னும் தெரியாது.

வாங்கப் போகிறவர்கள் "கப்பல் தெரியுமா?" என்று கேட்காதீர்கள், "நான் தெரிவேனா?" என்று கேளுங்கள். படகுக்கான அடையாள எண்ணை முதலில் பதிந்து வாங்குங்கள். ஒருமுறை பெட்டியில் ஏற்றிவிட்டால் நாமாக மாற்ற முடியாது. ஆன்டெனா தனியாகத் தேவையா என்றும் விசாரியுங்கள்.

எண் வந்த பிறகு யாழினியுடன் போனோம். அவள் போனைப் பிடித்துக்கொண்டு கப்பல் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தாள். திடீரென்று முன்னால் ஒரு சம்பான், சின்ன மீன்பிடிப் படகு. வலை இழுத்துக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தினார். திரையில் அந்த இடம் வெறும் நீலம். அவரிடம் எந்தப் பெட்டியும் இல்லை.

ரவி வேகத்தைக் குறைத்தார். நான் யாழினியிடமிருந்து போனை வாங்கிப் பைக்குள் போட்டேன். "முன்னால வந்து உக்காரு. கடலைப் பாரு."