பஜ்ஜி எண்ணெய் குடித்த ஆடு

என் மாமாவுக்குப் பம்மல் பஸ் ஸ்டாப் பக்கத்தில் பஜ்ஜிக் கடை. உலகத்தில் ஒரு காரியம் சரியாகவில்லை என்றால் அதற்கு எண்ணெய் போதவில்லை என்பதுதான் அவர் கட்சி. கதவு கிறீச்சிட்டாலும் எண்ணெய், எனக்குத் தலை வலித்தாலும் எண்ணெய். ஆகவே, ஆட்டுப் பால் தண்ணீராக இருக்கிறது என்று பேச்சு வந்தபோது அவர் கை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆடு அத்தையோடு வந்தது. கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டில் பீரோ, கட்டிலோடு ஒரு கறவை ஆட்டையும் அனுப்பியிருந்தார்கள். நாங்கள் கீழே, மாமாவும் அத்தையும் மாடியில், ஆடு மாடிப்படிக்கு அடியில்.

என் அம்மா மாமாவைத் தூக்கி வளர்த்த அக்கா. ஒருநாள் காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டே, அந்தப் பாலில் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, உங்கம்மா வூட்ல ஆடு குட்த்தாங்களா, அரிசி களைஞ்ச தண்ணி குட்த்தாங்களா?" என்று அத்தையைக் கேட்டாள். அம்மாவுக்கு அது வெறும் பேச்சு. மாடிக்குப் போன அத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை.

மறுநாள் மாமா கடையிலிருந்து ஒரு தூக்கு கொண்டுவந்தார். உள்ளே பஜ்ஜித் தூளும் சட்டியில் மிஞ்சிய எண்ணெயும். தவிட்டில் பிசைந்து வைத்தார். ஆடு நக்கி நக்கித் தின்றது. "யார்கிட்டயும் சொல்லிடாத, இன்னா?" என்றார் என்னிடம். சில நாளில் டீ கொஞ்சம் கெட்டியானதுபோல் இருந்தது. "இப்பதான் பால் மாரி கீது" என்றாள் அம்மா. அத்தை அன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே படி ஏறினாள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கில் பாதியளவு இருந்த எண்ணெய் விளிம்புவரை வந்துவிட்டது.

பிறகு ஒரு காலை ஆடு அசை போடவில்லை. தழையை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. கழிந்ததில் அகத்தித் தழை தின்றது தின்றபடியே கிடந்தது. கறந்தால் டம்ளரின் அடிகூட மறையவில்லை. அத்தை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ, மாமா விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

ஷேர் ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். "மடியில வெச்சிக்கினா ஃப்ரீ, சீட்ல ஒக்காந்தா ஃபுல் சார்ஜ்" என்றார் ஆட்டோக்காரர். ஆடு அத்தை மடியில். வழியெல்லாம் அத்தை மாமாவை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "வாயில்லா ஜீவன், அத்தப் போயி பஜ்ஜி சட்டின்னு நெனச்சிக்கினியா?"

டாக்டரம்மா ஆட்டின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்கு. தழையைச் செரிக்க வைக்கறதே அதுங்கதான். தழை மேலெல்லாம் எண்ணெய் பூசிக்கிச்சுன்னா அதுங்க எங்க வாய் வைக்கும்? கொழுப்பே வேணாம்னு சொல்லல. பருத்திக்கொட்டை ஒரு கைப்பிடி குடுங்க, போதும். பஜ்ஜியை நீங்க சாப்பிடுங்க." ஊசி போட்டுவிட்டு, "எதுக்கு சார் இவ்ளோ ஊத்துனீங்க?" என்றார்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இவ அன்னிக்கு சோறு துன்னல டாக்டர்."

திரும்பி வரும்போது அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் திட்டிக் களைத்துப்போய்விட்டாள் என்று நினைத்தேன்.

ஆடு பிழைத்துக்கொண்டது. மறுபடி பால் சுரந்ததும் அத்தை எல்லாருக்கும் டீ போட்டாள். கண்ணாடி டம்ளருக்கு அந்தப் பக்கம் இருந்த சுவர் தெரிந்தது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமா ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, "இன்னா திக்கா கீது" என்றார். அம்மா தம்பியைப் பார்த்தாள். அப்புறம் அத்தையைப் பார்த்தாள். டம்ளரைக் காலி செய்து, "இன்னும் அரை டம்ளர் ஊத்தும்மா" என்று நீட்டினாள். அத்தை சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஐயே, தண்ணியா கீது" என்றேன் நான். அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

பொய் சொன்னது அவர்கள், குட்டு எனக்கு. இது என்ன நியாயம் என்று படிக்கு அடியில் உட்கார்ந்து ஆட்டிடம் கேட்டேன். அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது.