சிவப்புக் கார், சாம்பல் கார், என் வலது கால்

என் வலது குதிகாலில் ஒரு வடு இருக்கிறது. பார்க்கிறவர்கள் என்னவென்று கேட்டால், கார்விபத்து என்பேன். எந்தக் கார் மோதியது என்பார்கள். மோதவில்லை, நான் காருக்குள்தான் உட்கார்ந்திருந்தேன் என்றால் ஒருவரும் நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மைசூரில் ஓர் ஊதுவத்திக் கம்பெனியில் மாவு பிசையும் பிரிவில் இருந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. செவ்வாய், வெள்ளி அம்மன் கோயில். உற்சவம் வந்தால் பல்லக்குக்கு முன்னால் பாடிக்கொண்டு நடப்பேன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், கதவை மெதுவாகச் சாத்த வேண்டும் என்பது மட்டும்தான்.

என் மனைவியின் தம்பி அப்போது எங்களோடு இருந்தான். ஒரு மில்லில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். மில்லை மூடிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு ராமாபுரத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போனவள், குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. அவள் மேல் தப்பில்லை. கூப்பிடப் போன எங்களிடம் அவளுடைய அப்பா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "புள்ளையத் தூக்கிட்டு எங்கீங்க வர்றது? மொதல்ல ஒரு பொழப்பு நெலையா நிக்கட்டும். அப்புறம் வந்து கூட்டிட்டுப் போங்க." பஸ்ஸில் வரும்போது முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாயங்காலம் காபி குடிக்கும்போது, "மாமா, ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறனுங்க" என்றான்.

எனக்குப் புரையேறிவிட்டது. என் மனைவி என் தலையில் தட்டிக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"என்னத்துக்குடா? ரேஸுக்குப் போறியா? சோத்துக்கு வழியக் காணோம், தொரைக்கு ஸ்போர்ட்ஸ் காரு!"

"முழுசாக் கேளுக்கா. நம்ம சனங்க கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்குத் தொறந்த காரு வேணும்ல? மைசூர் பூராவும் வாடகைக்கு ஒரே ஒரு காருதான் சுத்துது. முகூர்த்த மாசத்துல அதுக்கு அடிதடி. பழைய ஸ்போர்ட்ஸ் காருன்னா மேல மூடியே கெடையாது. எஸ்டேட்காரங்க ஓட்டிச் சலிச்சுப் போட்டது மண்டி மொஹல்லாவுல ஒரு ஷெட்ல நிக்குது. மில்லு மூடறப்ப குடுத்த காசுக்குள்ளயே முடியும்."

யோசித்துப் பார்த்தால் தவறில்லை. ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். வேகமாக ஓடுவது பெரிதில்லையாம். மேளத்துக்குப் பின்னால் எறும்பு மாதிரி ஊர வேண்டும், நாயனக்காரர் நின்றால் நிற்க வேண்டும், அவர் நகர்ந்தால் நகர வேண்டும், ஒரு மணி நேரம் அப்படிப் போனாலும் இஞ்சின் கொதிக்கக் கூடாது. பறப்பதற்கென்று செய்த வண்டியில், ஊர்வதற்குத் தோதான ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நடுத்தெருவில் மாப்பிள்ளையோடு நின்றுவிட்டால் அபசகுனம் என்பார்கள். அப்புறம் ஒருவன் கூப்பிட மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போனோம். இரண்டு கார்கள் நின்றன. முன்னால் இருந்தது சிவப்பு. இடுப்பு உயரம்கூட இல்லை. பளபளவென்று, குங்குமத்தைக் கரைத்து ஊற்றினது போல. இங்கிலீஷ்காரன் செய்தது என்றார்கள், அதன் பெயர் கடைசி வரை என் வாயில் நுழையவில்லை. பின்னால் மூலையில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. கொஞ்சம் நீளம், பின்புறம் குழந்தைகள் உட்காருகிற அளவுக்கு ஒரு சின்ன சீட். பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கம் நசுங்கி, மேலே கோழி எச்சம்.

ஷெட்காரர் உள்ளூர்க் கன்னடக்காரர். என் நெற்றி விபூதியைப் பார்த்ததுமே எனக்கு 'சாமி' என்று பெயர் வைத்துவிட்டார். "நோடி சாமி! சத்தம் கேளுங்க, சிங்கம்! நஞ்சன்கூடு ரோட்டுல விட்டா பஸ்ஸெல்லாம் பின்னாடி நிக்கும்!" என்று சிவப்பை உறுமவிட்டார். மைத்துனன் பானட்டைத் திறந்து இஞ்சினைப் பார்த்தான், எண்ணெயைத் தொட்டு மோந்தான். முகம் மலர்ந்துவிட்டது. சாம்பல் காரையும் கிளப்பிக் காட்டினார். ஆனால் யார் அதைப் பார்த்தார்கள்?

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரே கேள்வி கேட்டாள். "செவப்புல ரெண்டே சீட்டுன்னா மாப்பிள்ளைத் தோழன் எங்கடா உக்காருவான்? உன் மடியிலயா?"

"மாப்பிள்ளைய பின்னால டிக்கி மேல தூக்கி உக்கார வெச்சறலாங்கா. அப்பத்தான் எல்லாருக்கும் தெரிவாரு."

அவள் திருப்திப்படவில்லை. அவனுக்கோ சிவப்பை விட மனமில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி முடிவுக்கு வர முடியாத நேரத்தில் செய்வது ஒன்றுதான். அம்மனிடம் பூ கேட்பது. வெள்ளைப் பூ ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்து, அம்மன் காலடியில் போட்டு, பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வோம். பெண் பார்த்தாலும், கிணறு வெட்டினாலும் இதுதான் வழக்கம். கார் வாங்கப் பூ கேட்டவர்கள் எங்களுக்கு முன்னால் இருந்தார்களோ என்னவோ.

வெள்ளை வந்தால் சாம்பல், செவ்வரளி வந்தால் சிவப்பு என்று மனதில் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பூசாரி எடுத்துப் பிரித்தார். செவ்வரளி. மைத்துனன் கோயில் என்றும் பாராமல் குதித்தான். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. அம்மன் சொல்லியாயிற்று, இனி யோசிக்க என்ன இருக்கிறது?

மறு வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கோடு முன்பணம் எடுத்துக்கொண்டு போனோம். கொடுப்பதற்கு முன் மேளத்து நடையில் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடலாம் என்றான் மைத்துனன். நான் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். செருப்பை ஷெட்டிலேயே கழற்றிவிட்டேன். தெய்வம் கொடுத்த வண்டியில் செருப்புக் காலோடு ஏறுவதா? வலது காலை எடுத்து உள்ளே வைத்து உட்கார்ந்தேன். கீழே புதுத் தேங்காய்நார் விரிப்பு. சுகமாக இருந்தது.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி நகர்ந்தது. "மெதுவா, மெதுவா, பல்லக்கு நடை" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்னால் ஸ்கூட்டர்கள் ஹார்ன் அடித்தன. ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "ஏன் சார், தள்ளணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மைத்துனனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சூடு காட்டும் முள்ளைத் தட்டித் தட்டிக் காட்டினான். "ஏறவே இல்லீங்க மாமா!"

சந்து திரும்பும் இடத்தில் ஒரு பள்ளம். வண்டி தொபுக்கென்று இறங்கியது. பயத்தில் நான் வலது காலை, பிரேக் என் பக்கம்தான் இருக்கிற மாதிரி, ஓங்கி அழுத்தினேன்.

கால் போயிற்று.

எப்படிச் சொல்வது? படியில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்து இறங்குவோமே, அந்த மாதிரி. விரிப்போடு சேர்ந்து தரை கிழிந்து, முழங்கால் வரைக்கும் உள்ளே போய், குதிகால் ரோட்டில் உரசியது. நான் காரில் உட்கார்ந்திருக்கிறேன், என் கால் மண்டி மொஹல்லாவில் நடக்கிறது. "அம்மா! தாயே!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்க் கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நல்ல வேளை, பல்லக்கு நடை. அந்தச் சிங்கத்தை ஓட விட்டிருந்தால் எனக்கு இன்றைக்கு ஒரு கால்தான்.

நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்கி எடுத்தார்கள். ரத்தத்தைக்கூட நான் உடனே பார்க்கவில்லை. அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பெல்லாம் கருகின அப்பளம் மாதிரி துரு. மைத்துனன் ரோட்டிலேயே குப்புறப் படுத்து வண்டியின் அடியில் தலையை விட்டான். ஷெட்காரர் ஓடி வந்தார்.

"பழைய வண்டி சாமி, எல்லாத்துலயும் இது இருக்கும். ஒரு தகடு வெச்சு வெல்டிங் அடிச்சா ஆயித்து!"

மைத்துனன் வெளியே வந்தான். கையில் ஒரு துண்டு இருந்தது. இரும்பில்லை. பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்தது. வண்டியைத் தாங்குகிற சட்டத்தையே அப்படித்தான் ஒப்பேற்றி வைத்திருந்தார்கள். விரலால் அழுத்தினான், மாவாக உதிர்ந்தது.

"ரெண்டு வாட்டி பாத்தனுங்களே மாமா. இஞ்சினையே பாத்துட்டு இருந்துட்டனே. இதுமேல மாப்பிள்ளைய ஏத்தி உக்கார வெக்கறதுக்கு இருந்தனுங்களே..."

ஷெட்காரரும் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். எஸ்டேட்டிலிருந்து வந்தபடியே வைத்திருந்தேன், குழந்தைகள் மேல் சத்தியம் என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன், பொய்யாகத் தெரியவில்லை. அவரே என் காலைக் கழுவித் துணி சுற்றி, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மைத்துனன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தான். பெங்களூருக்குப் போய் யாரிடமாவது டிரைவராக இருந்துகொள்கிறேன், பிள்ளையையும் பெண்டாட்டியையும் அப்புறம் பார்க்கலாம் என்றான். அப்புறம் என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேறு பயம். விளக்கு முன்னால் உட்கார்ந்தேன், வழக்கமாகச் சொல்கிற ஸ்லோகம் வாயில் வரவில்லை. கால் வலித்தது ஒரு பக்கம். ஆனால் செவ்வரளியைத்தானே கொடுத்தாய், தாயே? உன்னை நம்பித்தானே ஏறினேன்? இத்தனை வருஷத்தில் அம்மனிடம் நான் அப்படிக் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டோமே என்று உட்கார்ந்தபடியே குனிந்து தரையில் நெற்றியை வைத்தேன்.

என் மனைவி மஞ்சள் குழைத்து எடுத்து வந்து காலில் பற்றுப் போட்டாள். நான் முனகியதைக் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது.

"ஏனுங்க, வெள்ளைப் பூ வந்திருந்தா நீங்க செருப்பக் கழட்டிப்போட்டு அந்தச் செவப்புல ஏறியிருப்பீங்களா?"

"எதுக்கு ஏறப் போறேன்?"

"நீங்க ஏறலீன்னா அந்த ஓட்டை யாருக்குத் தெரியும்? வேற எவனோ வாங்கியிருப்பான். எவ வீட்டுப் புள்ளையோ மாப்பிள்ளையாப் போயி அதுல உக்காந்திருக்கும். அம்மன் உங்க காலத்தான் கேட்டா. குடுத்தீங்க. கம்முனு படுங்க." பற்றை இன்னும் ஒரு அழுத்து அழுத்தினாள். நான் மறுபடியும் "தாயே" என்றேன், இந்த முறை வலியில்.

அவள் சொன்னது சரியா தப்பா என்று வாதாட எனக்குப் படிப்பில்லை. அன்றிலிருந்து இன்றைக்கு வரை அதையே நம்புகிறேன்.

கால் ஆறினதும் நான்தான் மைத்துனனைக் கையைப் பிடித்து ஷெட்டுக்கு இழுத்துப் போனேன். இந்தத் தடவை பூ கேட்கவில்லை. சாம்பல் காரின் விரிப்புகளையெல்லாம் எடுத்து வெளியே போட்டோம். மைத்துனன் பானட்டைத் திறக்கவே இல்லை. முதலில் தரையில் மல்லாந்து படுத்து வண்டியின் அடிவயிற்றில் சாண் சாணாகச் சுத்தியல் பிடியால் தட்டினான். டங், டங் என்று கோயில் மணி மாதிரி கேட்டது. பிறகு நான் உள்ளே ஏறி நின்று, வெறுங்காலோடு, பலம் கொண்டமட்டும் குதித்தேன். ஷெட்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி வந்துட்டது போல!" என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிறகு ஓட்டம். நான் காரில் ஏறவில்லை. முன்னால் நடந்தேன். மண்டி மொஹல்லாவிலிருந்து அக்ரஹாரம் அம்மன் கோயில் வரைக்கும், உற்சவத்தில் நடக்கிற அதே நடை, கொஞ்சம் நொண்டிக்கொண்டு. நடை பிசகக் கூடாதே என்று பாடவும் செய்தேன். பின்னால் அந்தக் கோழி எச்சக் கார் குருகுரு என்று ஊர்ந்து வந்தது. தெருவில் ஒரு அம்மாள் கும்பிட்டாள். பூக்காரி ஒருத்தி எழுந்து வந்து காருக்குள் எட்டிப் பார்த்து, "சாமி எல்லி?" என்று கேட்டாள். சாமி எங்கே என்கிறாள்.

"முன்னால நடக்கறாரே, அவருதான்" என்றான் மைத்துனன்.

பூக்காரி சிரிப்பது கேட்டது. நான் திரும்பவில்லை. நின்றேன், வண்டி நின்றது. நகர்ந்தேன், நகர்ந்தது. கோயில் வாசலில் வந்து முள்ளைப் பார்த்தோம். பாதியைத் தாண்டவில்லை. நம்பாமல் மைத்துனன் ரேடியேட்டர் பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றான். அழுகிறானோ என்று நினைத்து நான் கோயிலுக்குள் போய்விட்டேன்.

அதையே வாங்கி, நசுங்கலைத் தட்டிப் பெயிண்ட் அடித்தோம். முகூர்த்த மாசம் ஒன்று முழுக்க அந்தக் கார் ஓடியது. ஒரு தெருவிலும் நிற்கவில்லை. பின் சீட்டில் மாப்பிள்ளைத் தோழனும் வாண்டுகளும் போட்டி போட்டு ஏறினார்கள். அந்த மாசம் முடிந்ததும் அந்தக் காரிலேயே நாங்கள் இருவரும் ராமாபுரம் போனோம்.

அவனுடைய மாமனார் வாசலுக்கு வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"இதென்னங்க மாப்ளே, மேல கூரையே காணோம்?"

"கூரை இல்லீங்க. தரை இருக்குதுங்க" என்றான் மைத்துனன்.

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. மைத்துனன் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து கார்க் கதவருகே நின்றாள். பெட்டி, தொட்டில் துணி, ஒரு கூடை முருங்கைக்காய் எல்லாம் பின் சீட்டில் ஏறியாயிற்று. அவள் காலைத் தூக்கப் போனாள். மைத்துனன் கையை நீட்டித் தடுத்தான்.

"மாமா, நீங்க மொதல்ல."

நான் செருப்பைக் கழற்றினேன். வலது காலை உள்ளே வைத்து, முழு பாரத்தையும் போட்டு அழுத்தினேன். இரும்பு. வெயிலில் சுட்டது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வழிவிட்டேன்.

"ஏறு சாமி" என்றேன் அவளிடம்.