வெண்டெல் அடுக்கிய கற்கள்

வெண்டெல் ஸ்டோர்லியைப் போல ஒரு பீற்றல்காரனை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு குளிர்காலமாக இந்த அரிசோனாப் பாலைவனத்தில் கிடந்து சொல்கிறேன். வடக்கே பனி கொட்ட ஆரம்பித்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு, வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, கள்ளிகளுக்கு நடுவே நிறுத்தி மடக்கு நாற்காலியைப் போட்டதுமே, இங்கே பாதிப்பேருக்குத் தலைகால் புரியாது. அவர்கள் எல்லோருக்கும் அண்ணன் வெண்டெல்.

வடக்கு டகோட்டாவில் தரைவிரிப்புக் கடை வைத்திருந்த ஆள். அவன் வண்டி பேருந்து நீளம். உள்ளே இரண்டு டிவி, ஒரு போலிக் கணப்பு. மலையேறிவிட்டு வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்து இன்று எத்தனை அடி உயரம் ஏறினான் என்று முகாம் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பான். கேட்டவர் யாரும் கிடையாது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் கல் அடுக்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் மலையில் பாதை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. வறண்ட மணல் ஓடையிலேயே நடந்து போய், எந்த இடத்தில் சரிவில் ஏற வேண்டுமோ அங்கே மூன்று கல்லைக் குவித்து வைத்திருப்பார்கள். அதை நம்பித்தான் எல்லோரும் நடக்கிறோம். வேறு எதற்கும் யாரும் கல்மேல் கல் வைக்கமாட்டார்கள். இந்த மகானுபாவன் மட்டும் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் ஏழு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வான்.

"யோவ் வெண்டெல், அது வழிக்கு வைக்கிறதுய்யா. நீ ஒதுங்கின இடத்துல எல்லாம் வச்சா பின்னாடி வர்றவன் எங்க போவான்?" என்று கேட்டேன்.

"மேவிஸ், முப்பது வருஷம் தபால் பிரிச்சவ நீ. ரசனையைப் பத்தி உன்கிட்ட பேச முடியுமா?" என்று சிரித்தான்.

அன்றிலிருந்து அவன் அடுக்கியதை எல்லாம் காலால் தட்டிவிட்டுப் போவேன். ஓடையின் இரண்டாவது வளைவில் இருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். முட்டி வலி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சோம்பல்.

அவன் மனைவி ஆர்டிஸ் தங்கமான பெண். இடுப்பு தேய்ந்துபோய்க் கோலை ஊன்றி நடப்பாள். மார்ச்சில் இடுப்பு அறுவை. அதற்குப் பிறகு மலை கிலை எல்லாம் மறந்துவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒன்பது குளிர்காலம் வந்தும் அவள் ஒருமுறைகூட மலைமேல் இருக்கும் கணவாயை எட்டியதில்லை. வெண்டெல் முன்னால் போய்விடுவான், இவள் பாதியில் திரும்பிவிடுவாள். "இந்த வருஷமாவது அவர் பக்கத்துல நின்னு அந்தப் பக்கத்தைப் பாக்கணும் மேவிஸ். அவ்வளவுதான் ஆசை," என்று துணி உலர்த்தும்போது என்னிடம் சொன்னாள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினோம். அவர்கள் இருவர், நான், பக்கத்து வண்டிக்காரர் டூயேன். குடிதண்ணீர் எல்லாம் வெண்டெல் பையில். பெண்கள் சுமக்கக் கூடாதாம், பெரிய கனவான். ஆர்டிஸ் கையில் ஒரு சின்ன பாட்டில்தான்.

"நீ மெதுவா வா ஆர்டிஸ். கல்லைப் பாத்துட்டே வந்தா போதும்," என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

நான் அவளோடு இருந்திருக்க வேண்டும். "நீ போ மேவிஸ். பின்னாடி ஒரு ஆள் நின்னா மூச்சு வாங்கக்கூட வெக்கமா இருக்கு," என்றாள். நானும் போய்த் தொலைந்தேன்.

கணவாயில் ரொட்டியைத் தின்றுகொண்டு வெண்டெல் தன் புகழைத் தானே பாடினான். ஒரு மணி நேரமாயிற்று. ஆர்டிஸ் வரவில்லை.

"திரும்பிப் போயிருப்பா. டிவி முன்னாடி உக்காந்திருப்பா. ஒன்பது வருஷமா அதானே நடக்குது?"

"தண்ணி பூரா உன்கிட்டல்ல இருக்கு!" என்றேன்.

"அவளுக்குத் தாகமே எடுக்காது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பையிலிருந்து இரண்டு பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். டூயேனும் கூடவே வந்தார். வெண்டெல் ஒரு படம் எடுத்துவிட்டு வந்தான்.

இரண்டாவது வளைவில் அவள் கோல் பதிந்த தடம் ஓடையை விட்டு விலகியிருந்தது. அங்கே ஒரு பாறைப் பிளவின் வாயில் ஏழு கல், நான் தட்டாமல் விட்டது. அந்தப் பிளவு நேரே ஒரு செங்குத்துப் பாறையில் போய் முடியும்.

பாறைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். சறுக்கி விழுந்து கணுக்கால் பூசணியாய் வீங்கியிருந்தது. கையிலும் காலிலும் கள்ளி முள் பந்து பந்தாக. உதடு வெடித்திருந்தது. தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, இதற்கென்றே வைத்திருக்கும் சீப்பால் முள்ளை நெம்பி எடுத்தேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மத்தவங்க மூணு கல்லுதான் வைப்பாங்க, மேவிஸ். ஏழுன்னா அது வெண்டெல்தான். சுலபமான வழியா பாத்து எனக்காக வச்சிட்டுப் போயிருக்காருன்னு நினைச்சேன். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."

அன்றைக்கே அந்தக் கல்லை எட்டி ஒரு உதை விட்டிருந்தால் தீர்ந்திருக்கும். என் சோம்பலை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது.

அப்போதுதான் வந்து சேர்ந்தான் வெண்டெல். "இங்க எதுக்கு வந்த? வழி அந்தப் பக்கம்ல?"

ஆர்டிஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். டூயேனும் நானும் தோள் கொடுத்து அவளைக் கீழே கொண்டுவந்தோம். வெண்டெல் அவளுடைய கோலைச் சுமந்து வந்தான்.

கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு அவள் உட்கார்ந்திருக்க, மறுநாள் சாயங்காலம் முகாமில் எல்லோரும் தட்டை ஏந்திக் காரமான பயறுக் குழம்பு சாப்பிடும்போது வெண்டெல் கதை சொன்னான். "நான் மட்டும் அந்தக் கல்லை வைக்கலேன்னா இவளைக் கண்டே பிடிச்சிருக்க முடியாது." இரண்டு மூன்று பேர் கையும் தட்டினார்கள். மூளையை வடக்கேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர்கள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் தன் வண்டி வாசலிலேயே ஒன்பது கல்லை அடுக்கிவிட்டு எல்லோரையும் கூப்பிட்டான். ஆர்டிஸ் ஒவ்வொரு படியாகக் கோலை ஊன்றி இறங்கி வந்தாள்.

"பக்கத்துல நில்லு, உன்னையும் சேத்து எடுக்கிறேன்," என்றான்.

அவள் நின்றாள். கோலைத் தூக்கி ஒரே தட்டு. ஒன்பதும் உருண்டன.

"என்ன ஆர்டிஸ் இது? சும்மா அழகுக்குத்தானே வச்சேன்!"

"தெரியும்," என்றாள் அவள். "யாராவது நம்பிடுவாங்க."