கடல் எங்க சார் கீது?

போன மாதம் 'நல்ல புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' என்று இதே பக்கத்தில் எழுதியிருந்தேனே... ஞாபகம் இருக்கிறதா? விதிகள் எல்லாம் போட்டு, கடைசியில் 'அவசியம் படிக்க வேண்டிய இருபத்தைந்து' என்று ஒரு லிஸ்ட்கூடக் கொடுத்திருந்தேன். மறந்துவிட்டீர்கள் என்றால் ரொம்ப சந்தோஷம். அப்படியே இருங்கள்.

மறக்காத ஒருவர் இருக்கிறார். பெயர் ஸ்டெல்லா. ராயபுரத்தில் நான் சுகர் டெஸ்ட்டுக்குப் போகிற லேபில் ரத்தம் எடுப்பவர். போன வாரம் என் கையில் ரப்பரை இறுக்கிக் கட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"சார், உங்க லிஸ்ட்ல நாலாவது புக்கு வாங்கினேன். எனக்கில்ல, எங்க வூட்டுக்காரருக்கு. அவரு போட் டிரைவர். மீனுக்குப் போடுற ஐஸ்ல வழுக்கி வுழுந்து கால்ல ராடு வச்சிருக்காங்க. மூணு மாசமா வூட்டுலயே கீறாரு. கடலப் பாக்காம பேஜாரா கீதுன்னு ஒரே பொலம்பல். நீங்க எழுதியிருந்தீங்களே, கடலோர மக்களோட வாழ்க்கைய அச்சு அசலா சொல்ற நாவல்னு... இஸ்கோலுக்கு அப்புறம் அவரு படிக்கிற மொத புக்கு சார் அது."

பெருமையில் ஊசி குத்தியதே தெரியவில்லை.

"முடிச்சிட்டாரு. ஏதோ டவுட்டு கேக்கணுமாம். வூடு கல்மண்டபம்தான், ஒரு எட்டு போய்ட்டு வர்றீங்களா?" என்றார். சாப்பிட்ட பிறகு மறுபடி ரத்தம் கொடுக்க எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வாசகர் சந்திப்பு என்றால் விடுவேனா? இட்லியை விழுங்கிவிட்டுக் கிளம்பினேன்.

அவர் கணவர் அந்தோணி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் அந்த நாவல்.

"எழுத்து கூட்டிக் கூட்டித்தான் படிச்சேன் சார். ஒரு நாளைக்கு நாலு பக்கம். ஜவுளிக்கட கீது. அண்ணன் தம்பி சண்ட கீது. மாப்ள கோச்சிக்கினு போறான். அடுத்த பக்கத்துல வரும், அடுத்த பக்கத்துல வரும்னு பாத்துக்கினே வந்தேன், புக்கே முடிஞ்சி பூட்ச்சு. கடல் எங்க சார் கீது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாவலை நான் படிக்கவில்லை. நாலு பேர் நல்லா இருக்கு என்றார்கள். தலைப்பில் 'கரை' என்று ஒரு சொல். அட்டை முழுக்க நீலம். கடற்கரை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஜவுளிக்கடை என்று அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது — அது வேட்டிக் கரை. அட்டையில் இருந்தது வேட்டியின் நீலக் கரையை பிளோ-அப் செய்த படம். நான் எழுதிய முதல் விதி என்ன தெரியுமா? 'அட்டையையும் தலைப்பையும் பார்த்து ஏமாறாதீர்கள்.'

சரி, அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம் அல்லவா? என் வாய் சும்மா இருந்ததா?

"கடல் இதுல ஒரு குறியீடு, அந்தோணி. நேரடியா வராது. வரிகளுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "அப்டியா... அப்போ எனக்குத்தான் வெளங்கல. நம்ம மண்ட அவ்ளோதான் சார்" என்று சிரித்தார். நானும் கூடவே சிரித்துவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்தச் சிரிப்பு சோற்றில் கை வைக்க விடவில்லை. வண்ணாரப்பேட்டையில் தேடி அந்த நாவலை வாங்கினேன். மெட்ரோவில் ஆரம்பித்து, திருவொற்றியூர் வீட்டில் முடித்தேன். நல்ல நாவல்தான். ஆனால் கடலும் இல்லை, குறியீடும் இல்லை.

ரிப்போர்ட் வாங்கப் போன கையோடு மறுபடி கல்மண்டபம் போனேன். அந்தோணி கையில் பென்சிலோடு அதே நாவலைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வா சார். ரெண்டாவது வாட்டி படிச்சிக்கினு கீறேன். தேடிப் பாத்துடலாம்னு" என்று ஒரு பக்கத்தைக் காட்டினார். கோடு போட்டிருந்தார். "இங்க மாமியா ஒரு கொடம் தண்ணி தூக்கிக்கினு வருது. இதுவா சார்?"

இன்னொரு பக்கம். அங்கேயும் கோடு.

"இங்க மாப்ள அழுவுறான். கண்ணுத் தண்ணி உப்புதான சார்... இதுவா?"

எத்தனை வருடமாக புத்தகம் பற்றி எழுதுகிறேன். எதையாவது இப்படிப் படித்திருக்கிறேனா? வெட்கத்தில் கூனிக்குறுகி, "எதுவும் இல்ல அந்தோணி. நான் படிக்காமயே எழுதிட்டேன். குறியீடுன்னு சொன்னதும் பொய். உங்களுக்கு விளங்கினதுதான் சரி" என்றேன்.

திட்டியிருந்தால் தேவலை. அவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, "அப்போ மண்ட நல்லாத்தான் கீது" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு என்னைப் பார்த்தார். "இந்த வாட்டியும் கெடைக்கலன்னா இந்த புக்கு சமாச்சாரமே நமக்கு வாணான்னு நேத்துதான் ஸ்டெல்லாகிட்ட சொன்னேன் சார்."

புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்த காகிதத்தை எடுத்தார். ஸ்டெல்லா கத்தரித்து வைத்திருந்த என் லிஸ்ட். பென்சிலோடு நீட்டினார்.

"இதுல நெசமாவே படிச்சத மட்டும் டிக் போடு."

'சார்' காணாமல் போயிருந்தது. நியாயம்தான். இருபத்தைந்தில் ஒன்பது டிக் விழுந்தது. ஒன்றில்கூட கடல் இல்லை.

அவர் விரலை ஓட்டி ஒன்றில் நிறுத்தினார். "இதுல இன்னா வருது?"

"ரயில்."

"எப்ப வரும்?"

"முதல் பக்கத்துலயே."

"அப்போ சரி. ஸ்டெல்லாவ வாங்கியாரச் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை... வருகிறது.