படுவான்கரையைப் பார்த்த கண்கள்

என் கணவர் யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாதவள் போல இருந்தேன். அவர் தேடியபடியே போய்விட்டார்...

நம்புவீர்களா? கண்ணைப் படிப்பதுதான் என் பிழைப்பு. களுவாஞ்சிக்குடியில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறேன். வருகிறவள் வாயால் பச்சைச் சேலை கேட்பாள். கண்ணோ மேல்தட்டிலுள்ள கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்ப் போய் வரும். நான் பேசாமல் அதை எடுத்து விரிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பாரிசவாதம் அவருடைய பேச்சையும் கைகால்களையும் எடுத்துக்கொண்டது. கண்கள் மட்டும் மிஞ்சின. வாவி தெரியும் யன்னலோரம் அவரைக் கிடத்தினேன். பகல் முழுவதும் நீரின் வெளிச்சம் கூரையில் அசைந்துகொண்டிருக்கும். அந்த அறையில் நேரம் நகர்கிறதா, நிற்கிறதா என்றே தெரியாது. நானும் அரைத்தூக்கத்தில்தான் நடமாடினேன்...

அவர் கண்கள் யன்னலுக்குப் போகும். வாவிக்கு அப்பால், மேற்கே, படுவான்கரையில் போய் நிற்கும். பிறகு வாசலுக்கு வரும். கடைசியில் என் முகத்தில் இறங்கிக் கெஞ்சும். மறுபடியும் யன்னல்.

அக்கரையில்தான் அவர் பிறந்த ஊர். அங்கே அவருடைய தம்பி இருக்கிறான். எங்கள் மகள் பெரியவளான சாமத்தியச் சடங்கன்று குடித்துவிட்டு வந்து, சபை நடுவே என்னைத் தரக்குறைவாகப் பேசியவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கலியாணம் முடித்து வந்து குடியிருப்பான். அந்த உரிமையில் அன்று சொன்னேன், இது என் வீடு, இனி இந்தப் படியில் கால் வைக்காதே என்று. அவர் தலைகுனிந்து நின்றார்.

பார்க்க வந்தவர்கள் அவர் என்ன கேட்கிறார் என்று விசாரிப்பார்கள். தண்ணீர் கேட்கிறார் என்பேன். கரண்டியால் பருக்குவேன். அவர் விழுங்குவார், என்னைப் பார்த்தபடியே... எவ்வளவு கொடியவள் நான்!

ஒரு மாலை தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

"மச்சாள், அண்ணன் என்னத் தேடுறாரா? ஓம் எண்டா இப்பவே வாறன்."

அவர் கண்கள் அப்போதும் மேற்கேதான் இருந்தன.

"இல்ல," என்றேன். "அவருக்கு ஒருத்தரையும் தெரியிதில்ல."

அந்த வாரத்துக்குள் அவர் கண்மூடினார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கோபமா? கோபம் எப்போதோ ஆறிவிட்டது. இரவு பகலாகப் பணிவிடை செய்கிற நான் பக்கத்தில் இருக்க, அவர் கண் இன்னொருவரைத் தேடுகிறதே என்ற பொறாமை... ஆம், வெறும் பொறாமைதான்.

செத்த வீட்டில் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். கண்ணசைவிலேயே விளங்கிக்கொண்டு பார்த்தாளாம்! தம்பி மட்டும் வேலியோரம் நின்றான், படியேறவில்லை. நானே போய் உள்ளே வரச் சொன்னேன்.

"வேணாம் மச்சாள். அண்ணனுக்கு என்னில கோவம் ஆறல்ல போல. கடைசிவரைக்கும் தேடவேயில்லையே."

சொல்லிவிட்டு என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு சொல் போதும்... நான் நிலத்தைப் பார்த்தேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.